இரண்டாவது இழுப்பு

குழந்தைவேலு இரும்புத் தகட்டின் மேல் ரம்பத்தை வைத்து இழுத்தார். அரங்கில் ஆயிரம் பேர் கண்ணை மூடிச் சொக்கிப்போனார்கள். முதல் வரிசையில் ரத்தினசபாபதி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோயம்புத்தூரில் செவிமெருகி பொருத்தாத காது அவருடையது ஒன்றுதான். அரிசி அளவுக் கருவி அந்தச் செவிமெருகி. பேச்சைத் தவிர எந்தச் சத்தம் வந்தாலும், காதுக்காரர் மனதுக்கு மிகப் பிடித்த இசை எதுவென்று தானே கண்டுபிடித்து, அதையே கேட்கவைக்கும். லாரி ஹாரன் ஒருத்திக்கு வீணை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் குத்துப்பாட்டு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆள் தகட்டைச் சுரண்டிவிட்டு அதற்கு 'சோதனை இசை' என்று பெயர் வைப்பதும், கூட்டம் எழுந்து நின்று கைதட்டுவதும் ரத்தினசபாபதிக்கு வயிற்றெரிச்சல். பதினோரு வருடமாக ஒரு கச்சேரி விடாமல் வந்து, பத்திரிகையில் விடாமல் திட்டி எழுதினார்.

இந்த வருடத்துச் சோதனை இசை விருது குழந்தைவேலுவுக்கு என்று முடிவாகியிருந்தது. சோதனை இசை என்றால் கரடுமுரடாக இருக்கவேண்டும் என்பது விருதின் விதி. அவர் வாசிப்பது உண்மையிலேயே கரடுமுரடுதானா என்று நடுவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காதிலும் செவிமெருகி. அதனால் மெருகேறாத காது ஒன்றின் கையெழுத்து தேவைப்பட்டது. வசமாக மாட்டினான் என்று நினைத்துக்கொண்டே ரத்தினசபாபதி மேடைக்குப் பின்னால் போனார்.

குழந்தைவேலு கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "ரெண்டாவது இழுப்பு இன்னைக்குப் புல்லாங்குழலாட்டக் குழைஞ்சு வந்துச்சுங்க."

"நுனியில உடைஞ்சுச்சு. எப்பவும் அங்கதான் உடையும்," என்ற ரத்தினசபாபதிக்குச் சட்டென்று பொறி தட்டியது. "உங்க காதுலயும் அது இருக்குதா?"

"அஞ்சு வயசுல வெச்சதுங்க. எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே."

"அதை நிறுத்திப்போட்டு ஒருக்கா இழுங்க, பாக்கலாம்."

குழந்தைவேலு காதுக்குப் பின்னால் அழுத்தி நிறுத்தினார். இழுத்தார். முகம் வெளிறிப்போயிற்று. இரண்டாவது இழுப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டார்.

"இதையாங்க நான் பதினோரு வருசமா வாசிச்சேன்?"

"இதேதான். கேட்டவன் நான் ஒருத்தன்தான்."

"அப்புறம் ஏனுங்க நீங்க ஒரு நாளும் பாதியில எந்திரிச்சுப் போகல?"

"திட்டறதுக்கு," என்றார் ரத்தினசபாபதி.

'சுத்தப் பித்தலாட்டம், காது கொடுத்துக் கேட்கச் சகிக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடுவர்கள் பின்பாதியை மட்டும் படித்து, இதைவிட நல்ல சான்று ஏது என்று விருதை உறுதி செய்தார்கள்.

விருது விழாவுக்குக் குழந்தைவேலு வரவில்லை. ரம்பத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். காலி மேடையில் ஏசி முனகியது. கூட்டம் அதற்கும் உருகிக் கைதட்டியது. இந்த மடையர்களுக்காகவா இத்தனை நாள் தொண்டை வறளக் கத்தினோம் என்று ரத்தினசபாபதிக்கு அலுத்துப்போயிற்று. இனித் திட்டுவதற்கும் ஒன்றுமில்லை. மிச்ச நாளை, சின்ன வயதில் உயிராக இருந்த வயலினைக் கேட்டாவது கழிக்கலாம்.

மறுநாள் காலை செவிமெருகி பொருத்திக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார். சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அவர் காதுக்குள் இரும்புத் தகட்டின் மேல் ரம்பம் நீளமாக இழுபட்டு, நுனியில் உடைந்தது. அவமானத்தில் முகம் சிவந்தது. ஆனாலும் நடைபாதையை விட்டு நகரவில்லை. அடுத்த லாரி வரட்டும் என்று நின்றார்.