விலக்கு முடிந்த அறை

மேசைகளுக்கடியில் தள்ளிவைத்த நாற்காலிகளில் ஒன்று மட்டும் மறுபடி வெளியே இழுபட்டிருந்தது.

லோரேன் அதைத் திரும்பத் தள்ளினாள். ஸ்பிரிட் வாசமும் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசமும் அறையில் இன்னும் கலந்து நின்றன, ஆட்கள்தான் இல்லை. போதைச் சட்டம் இந்த ஓர் அறைக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தது. வருகிறவர்கள் தாங்களே போதை ஊசி போட்டுக்கொள்வார்கள். நர்சான அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். மூச்சு அடங்கினால் மருந்து கொடுத்து மீட்பாள். இங்கே ஒருவரும் செத்ததில்லை. இன்று நண்பகலோடு விலக்கு முடிந்தது. அதிகாரிகள் வந்து பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் போய்விட்டார்கள்.

ஏரிப்பக்கமிருந்து பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கும்போது டுவைட் முன்வாசல் கண்ணாடிக் கதவைத் தட்டினான். அவள் பலமுறை மீட்டவன். கிழிந்த ஹாக்கித் தொப்பி, கையில் காபி. உள்ளே விட்டால் தன் உரிமம் போகும், வழக்கும் வரும் என்று கண்ணாடி வழியே சொன்னாள்.

“உன்னை யாரு உள்ள விடச் சொன்னா, நர்சம்மா? நான் வெளியவே உக்காந்துக்கிறேன். நீ அங்கேருந்து பாரு. படியில உக்கார்றதுக்குமா சட்டம்?”

“வேணாம் டுவைட். ஆஸ்பத்திரிக்குப் போ.”

“அங்க காபி நல்லாருக்காது.”

சிரித்துக்கொண்டே கதவில் தோளைச் சாய்த்து உட்கார்ந்தான்.

அவள் பார்த்தாள். ஊசி இறங்கியது. தலை சரிந்து கன்னம் கண்ணாடியில் ஒட்டியது. அவன் வாயருகே மூச்சு வெள்ளை வட்டமாய்ப் படிந்தது, மங்கியது, மறுபடி படிந்தது. அடுத்த வட்டம் சிறியது. பிறகு குறட்டை போல ஓர் ஒலி. அது தூக்கமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மருந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தாழை நீக்கித் தள்ளினாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. அவன் பாரம் முழுதும் அதன் மேல். தோளால் இடித்தாள். அசையவில்லை. ஆம்புலன்சை அழைத்தாள், வருகிறோம் என்றார்கள். ஆக்சிஜன் உருளையால் அடித்தாள். கெட்டிக் கண்ணாடி. கீறல்கூட இல்லை.

வட்டம் புள்ளியானது. உதடு நீலம்.

புள்ளியும் போனது.

அப்போது கண்ணாடியில் வேறொரு வட்டம் படிந்தது. அவன் தலைக்கு மேலே. நிற்கும் ஆள் உயரத்தில். பக்கத்தில் இன்னொன்று. மண்டியிட்ட உயரத்தில் ஒன்று. கதவு முழுக்க. தெருவில் யாருமில்லை.

டுவைட்டின் முகம் மறைந்தது. பார்த்தாக வேண்டும். உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

கை நனைந்தது. ஈரம் கண்ணாடியின் உள்பக்கத்தில், அவள் நின்ற பக்கத்தில் இருந்தது. இன்னும் சூடாக.