வடக்கு அங்கே இல்லை, ஊக்கு!

ஊக்கு!

பெற்றோர் இட்ட பெயர் வேறு. ஆயினும் அலுவலகத்திலும், தெருவிலும், ஏன், கணவர் வாயிலுங்கூட அவள் ஊக்குதான். சட்டையின் வலத் தோளில் எந்நேரமும் ஐந்தாறு ஊக்குகளைக் குத்தியிருப்பாள். யாருக்குப் பொத்தான் அறுந்தாலும், யாருடைய செருப்பு வார் பிய்ந்தாலும், முதலில் நீள்வது அவள் கைதான்.

இன்னுஞ் சில பழக்கங்கள் உண்டு. அணைத்த அடுப்பை மறுபடியும் அணைப்பாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். யார் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அப்படியே செய்வாள்.

அப்படிப்பட்டவள் காட்டுக்கு வந்திருந்தாள்!

பெண்களுக்கான வனப் பயிற்சி முகாம். தீ மூட்டல், முடிச்சிடல், திசையறிதல், முதலுதவி. பெயரைப் பதிந்து, புத்தம் புதிய முதுகுப்பையும் வாங்கிக்கொடுத்து, கையசைத்து வழியனுப்பியவர் கணவர்.

பிற்பகல்...

பாறையடியில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது!

கண்கள் மூடியிருந்தன. ஒரு கால் கோணலாக மடிந்திருந்தது. நெற்றியில் சிவப்பு.

ஊக்கு ஓடினாள். மண்டியிட்டாள். தோளைத் தட்டினாள்.

"அம்மா! கேக்குதா? உங்க பேரு என்ன?"

மறுபடியும் தட்டினாள்.

"என்ன கிழமைன்னு சொல்லுங்க! காலைல என்ன சாப்பிட்டீங்க?"

உடல் மெல்ல வாயைத் திறந்தது...

கொட்டாவி விட்டது!

"அடடா... தூங்கிட்டேனா அக்கா?"

"அடிபட்டவளா நடிக்கச் சொன்னா, பிணமாவே ஆயிட்டியே!"

இடி போன்ற அக்குரல் கேப்டனுடையது. பல மலைகளை ஏறி இறங்கி, இப்போது பெண்களுக்குக் காட்டைக் கற்பிப்பவர். சத்தமாகப் பேசுவதைத் தவிர வேறு தீய பழக்கம் இல்லாதவர்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! அடிபட்டவங்களைத் தூங்க விடக்கூடாது. பேச வெச்சுக்கிட்டே இருக்கணும். ஊக்கு செஞ்சது சரி. இதோ இந்தம்மா செஞ்சது..."

"ஓய்வு, கேப்டன்!" என்றாள் 'உடல்', நெற்றியிலிருந்த உதட்டுச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே. "லீவு போட்டுட்டு அதுக்குத்தானே வந்தேன்?"

முகாமில் அவளுக்குக் கொட்டாவி என்றே பெயராகிவிட்டது. ஊக்குவின் கூடாரத்தில் உடன் தங்கியவள். எந்த ஊரில் என்ன வேலை என்று கேட்டால், கொட்டாவிதான் விடை. தீ மூட்டச் சொன்னால் புகை வரும். முடிச்சுப் போடச் சொன்னால் கயிறு அவிழ்ந்து கேப்டனின் காலிலேயே விழும்.

அடுத்த பாடம், திசைகாட்டி.

"நாளைக்குக் காலைல தனி நடை," என்றார் கேப்டன். "ஒவ்வொருத்தியா, நேரா வடக்கே. மூடுபனி கண்ணை மறைக்கும். காம்பஸ்தான் கண்ணு. வலப்பக்கம் பழைய கல்குவாரி இருக்கு. வடக்கை விட்டு விலகாதவளுக்கு அதைப்பத்திக் கவலை இல்லை."

"விலகினா?" என்றாள் ஒருத்தி.

"விலகினாலும் கவலை இல்லை. கவலைப்பட ஆளு இருக்காதே!"

சிரிப்பு!

"இன்னொண்ணு. காம்பஸ் பக்கத்துல இரும்பு வரக்கூடாது. கத்தி, சாவி, போன், எல்லாம் தள்ளி. ஊக்கு! உன் தோளைத்தான் சொல்றேன்."

ஊக்கு உடனே கீழ்ப்படிந்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி ஊக்கு கை தவறியது.

ஆனால்... கீழே விழவில்லை!

பையின் பட்டையில் ஒட்டிக்கொண்டு ஆடியது!

ஊக்கு அதைப் பிடுங்கினாள். விட்டாள். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. பட்டையை அழுத்திப் பார்த்தாள். பஞ்சுக்குள்ளே, நாணயம் போன்று வட்டமாக, கெட்டியாக...

காந்தம்!

திசைகாட்டியை அருகே கொண்டுபோனாள். வடக்கே நின்ற முள், பட்டையைக் கண்டவுடன் நன்றி மறந்து வலப்பக்கம் திரும்பியது.

வலப்பக்கம்... கல்குவாரி!

பட்டையின் ஓரத்தைப் புரட்டினாள். வளைந்த ஊசியால் போட்ட மறைதையல். நூல் வெளியே தெரியாத, கண்ணுக்கு இனிய வேலைப்பாடு. அந்தத் தையலை இருபது ஆண்டுகளாக அவள் சோஃபாக்களின் விளிம்பில் பார்த்து வருகிறாள்.

அவள் கணவருக்குக் குஷன் கடை! இந்த முகாமின் நாற்காலிகளுக்கும் மெத்தை தைத்துக்கொடுத்தவர் அவர்தான். குவாரியும் தெரியும், தனி நடையும் தெரியும்.

கடை இருக்கும் கட்டடம் அவளுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தது. விற்கலாம் என்றார் கணவர். மாட்டேன் என்றாள் ஊக்கு. அன்றைக்குக் கத்தினார். மறுநாளிலிருந்து அன்பாகிவிட்டார். கத்தியபோதுதான் அவள் பத்திரமாக இருந்தாள் என்பது இப்போது புரிந்தது.

கைபேசி அலறியது!

திரையில் கணவர்.

"என்னம்மா ஊக்கு, பயிற்சியெல்லாம் எப்படி?"

"நல்லா போகுதுங்க. நாளைக்குத் தனியா நடக்கணுமாம்."

"பயப்படாதே! காம்பஸை நம்பு. நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சுக்கோ. பையை மட்டும் தோளை விட்டு இறக்காதே, என்ன?"

"ஏங்க?"

"குரங்கு தூக்கிட்டுப் போயிடும்!"

"சரிங்க. எங்கே இருக்கீங்க?"

"கடையிலதான். சோஃபா ஒண்ணு அவசரம்."

அவ்வேளையில் கேப்டன் உணவுக்கான நீண்ட விசிலை ஊதினார்.

பீ....ப்!

ஊக்குவின் இடக்காதில் அந்த விசில் நேராகக் கேட்டது. வலக்காதில் வைத்திருந்த கைபேசியிலும்... அதே விசில், சற்று மெலிந்து!

கடை பட்டணத்தில் இருந்தது. அவர் பட்டணத்தில் இல்லை.

"சாப்பிடப் போறேங்க," என்றாள். குரல் நடுங்காததில் அவளுக்கே வியப்பு.

சமையல் நெருப்பருகே கொட்டாவி தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஊக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பட்டையைக் காட்டினாள். கொட்டாவி ஊக்கை ஒட்டவிட்டுப் பார்த்தாள், பிடுங்கினாள், மறுபடியும் ஒட்டவிட்டாள்.

"கேப்டன்கிட்ட சொல்லிட்டு, போலீசுக்குப் போயிடட்டுமா?"

"போய்? 'ஐயா, என் புருஷன் பையிலே காந்தம் வெச்சுட்டாரு'ன்னா என்ன செய்வாங்க தெரியுமா? உக்காரச் சொல்லுவாங்க. டீ குடுப்பாங்க. நீங்க போனதும் சிரிப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அப்படித்தான்." கொட்டாவி விட்டாள். "வீட்டுக்குப் போயிடறீங்களா?"

ஊக்கு சிந்தித்தாள். வீட்டில் மாடிப்படி இருக்கிறது. எரிவாயு இருக்கிறது. குளியலறையில் வழுக்கும் தரை இருக்கிறது. பக்கத்திலேயே அவரும் இருக்கிறார். இங்கே காடுதான் இருக்கிறது.

"இல்லை. காட்டுலயாவது என்கிட்ட விசில் இருக்கு. நடக்கறேன்."

"அப்ப அந்தக் காந்தத்தைப் பிரிச்செடுத்து இங்கேயே வெச்சுட்டு நடங்க அக்கா. நான் தூங்கறேன்."

விடிந்தது. பனி, துவைத்த வேட்டியைப்போல மரங்களின்மேல் தொங்கியது.

ஊக்கு ஓர் ஊக்கின் முனையால் மறைதையலைப் பிரித்தாள். காந்தத்தை எடுத்துத் தகர டப்பாவில் போட்டுக் கூடாரத்திலேயே வைத்தாள். கொட்டாவியின் போர்வைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

கயிறு, விசில், திசைகாட்டி. நடந்தாள்.

வடக்கு... வடக்கு... வடக்கு.

முள் நேராக நின்றது. சருகுகள் மிதிபட்டன. பின்னால் ஏதோ மிதிபட்டது போலிருந்தது. நின்றாள். எதுவும் இல்லை.

அப்போது...

"ஐயோ...! யாராவது காப்பாத்துங்க...!"

வலப்பக்கத்திலிருந்து ஓர் ஆணின் அலறல்!

ஊக்கு திசையைக் குறித்துக்கொண்டாள். அலறலை நோக்கி அடிமேல் அடி வைத்தாள். தரை முடியப்போவது தெரிந்ததும் படுத்து ஊர்ந்தாள். விளிம்புக்கு நின்றபடி போகாதே, படுத்துப் போ என்பது முதல் நாள் பாடம்.

எட்டிப் பார்த்தாள்.

இரண்டாள் ஆழத்தில் ஒரு கல்திட்டு. அதில், ஒரு கால் கோணலாக மடிந்து, நெற்றியில் சிவப்புடன்... கணவர்!

இம்முறை உதட்டுச் சாயமன்று!

"ஏங்க! சோஃபா அவசரம்னீங்களே?"

அவர் நிமிர்ந்தார். வாய் பிளந்தது.

"ஊக்கு! நீ... நீ எப்படி மேலே இருக்கே?"

வாசகர் அந்தக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். ஊக்கு கவனித்தாள்.

"கயிறைப் போடும்மா! கால் போயிடுச்சு!"

"போடறேங்க. ஆனா அடிபட்டவங்களைத் தூங்க விடக்கூடாதாம். பேச வெச்சுக்கிட்டே இருக்கணுமாம். கேப்டன் சொல்லியிருக்காங்க."

"நான் எங்கேடி தூங்கறேன்?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"அடியே!"

"சரி, அதை விடுங்க. என் பையிலே காந்தத்தை வெச்சுத் தெச்சது யாரு?"

திட்டின் ஓரத்திலிருந்து ஒரு கல் உருண்டது. அது அடியைத் தொட்ட சத்தம் வெகுநேரங் கழித்தே மேலே வந்தது.

"நான்தான்! நான்தான் தெச்சேன்! போதுமா? கயிறைப் போடு!"

"எதுக்குங்க?"

"கட்டடத்துக்குத்தான்! நீதான் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டியே!"

"இடுப்புல என்னது, சுத்தியலா?"

"அது... நீ ஒருவேளை விழாம நின்னுட்டேன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய தேவையும் இல்லை.

ஊக்குவுக்குக் கோபம் வரவில்லை. இருபது ஆண்டுகள் இவருக்காகத்தான் அணைத்த அடுப்பை மறுபடியும் அணைத்தாள்!

கயிறு அவள் கையில் இருந்தது. பனி சூழ்ந்திருந்தது. எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, வடக்கே போய்விடலாம். யாருக்கும் தெரியாது.

"ஊக்கு! எங்கே போறே? ஊக்கு...!"

எழுந்தாள். நான்கடி நடந்தாள்...

அங்கிருந்த பெருமரத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பிறகு விசிலை எடுத்து ஆபத்துக்குரிய மூன்று ஊதல்களை ஊதினாள்.

"ஒண்ணு மட்டும் புரியலை ஊக்கு," என்று கீழிருந்து முனகல். "நானும் காம்பஸ் பார்த்துத்தான் வந்தேன். குவாரிக்கு இந்தப் பக்கமே நிக்கலாம்னு..."

"காம்பஸ் எங்கே வெச்சிருந்தீங்க?"

"சட்டைப் பையிலே."

"சுத்தியல்?"

"இடுப்புலதான். எப்பவும்..."

அவர் பேச்சு நின்றது.

குஷன் வேலைக்காரரின் சுத்தியலுக்குத் தலையே காந்தந்தான். சிற்றாணியைக் கையால் பிடிக்காமல், சுத்தியல் முனையிலேயே ஒட்டி எடுத்து அடிப்பார்கள். மனைவியின் தோளில் காந்தத்தை வைக்கத் தெரிந்த மேதைக்கு, இருபது ஆண்டுகளாகத் தம் இடுப்பில் தொங்குவதும் காந்தமே என்பது நினைவுக்கு வரவில்லை!

கேப்டன் ஓடிவந்தார். பின்னால் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"அடிபட்டவருக்கு எங்கே போறதுன்னு நெனச்சேன், தானாவே வந்து விழுந்திருக்காரே!" என்றார் கேப்டன். "ஒருத்தி என்கூடக் கீழே! மத்தவங்க இழுங்க! முட்டி மடக்கி, மூச்சுப் பிடிச்சு... ஒண்ணு! ரெண்டு!"

காலுக்கு மூங்கில் வைத்துக் கட்டி, கயிற்றுத் தொட்டிலில் கிடத்தி, குழந்தையை ஏணையிலிருந்து எடுப்பதுபோல அவரை மேலே எடுத்தார்கள். பாடம் சிறிதும் பிசகவில்லை.

மேலே வந்ததும் கணவருக்கு உயிர் வந்தது. உயிருடன் திமிரும் வந்தது.

"இவர்தான் என்னைக் கொல்லப் பார்த்தாரு கேப்டன்," என்றாள் ஊக்கு. "தன் வாயாலேயே சொன்னாரு."

"நானா? நான் என்ன சொன்னேன்?" அவர் சிரித்தார். "பெண்டாட்டி நல்லா இருக்காளான்னு பார்க்க வந்தேன். வழுக்கிடுச்சு. இவ பாவம், காட்டுல பயந்து என்னென்னவோ உளறுறா. சாட்சி இருக்கா? யாரு கேட்டா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எவரும் கேட்கவில்லை. எல்லோரும் விசிலுக்குப் பின்னரே வந்தவர்கள்.

ஊக்கு மரத்தில் கட்டிய முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"ஆவ்...!"

பெருமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கொட்டாவி!

"நான் கேட்டேனே," என்றபடி அவள் வெளியே வந்தாள். தலையில் பனி. கால்சட்டையில் முள். "கூடாரத்திலிருந்து அக்கா பின்னாலயேதான் வந்தேன். காந்தம், கட்டடம், சுத்தியல்... ஒண்ணு விடாமக் கேட்டேன்."

"நீங்க கூடாரத்துல குறட்டை விட்டீங்களே!" என்றாள் ஊக்கு.

"நடிப்புல ரெண்டாவது வாய்ப்பு கிடைச்சுதுக்கா."

கணவர் எகிறினார். "நீ யாருடி? ஒரு தூங்குமூஞ்சி சொன்னா கோர்ட்டு நம்பிடுமா?"

கொட்டாவி அவர் அருகில் குந்தினாள். மிச்சக் கயிற்றை எடுத்தாள். கண் இமைப்பதற்குள், இரு மணிக்கட்டுகளையும் சேர்த்து ஒரு முடிச்சு! கேப்டனே குனிந்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"அடிப்பாவி! ஒரு முடிச்சும் வராதுன்னியே?"

"இது ஒண்ணுதான் வரும் கேப்டன். பதினஞ்சு வருஷ சர்வீஸ்!" அவள் சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கணவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். லீவுல வந்தாலும் விடமாட்டேங்கறீங்களே ஐயா!"

கணவரின் முகம் பனியைவிட வெளுத்தது.

ஜீப் வந்தது. தூக்குப்படுக்கை ஏறியது. சுத்தியல் ஒரு பைக்குள் போயிற்று. தகர டப்பாவும் முதுகுப்பையும் அதனுடன் போயின.

"ஏறுங்கக்கா," என்றாள் கொட்டாவி. "உங்களை வீட்டுல விட்டுடறேன்."

ஊக்கு ஜீப்பைப் பார்த்தாள். காட்டைப் பார்த்தாள். சட்டையின் வலத் தோளைத் தடவினாள். அங்கே ஊக்குகள் இல்லை.

"நீங்க போங்கம்மா. எனக்குத் தனி நடை பாதியிலே நிக்குது. அதை முடிச்சுட்டு வரேன்," என்றாள் அமைதியாக.

கேப்டனின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது.

"காம்பஸ் சரியா இருக்கா ஊக்கு?"

ஊக்கு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஜீப் புறப்பட்டு, வளைவில் மறையுமட்டும் காத்திருந்தாள். முள் மெல்ல ஆடி நின்றது.

"இப்ப சரியாத்தான் காட்டுது கேப்டன்... பக்கத்துல அவர் இல்லை பாருங்க!"