அமிசா பிரித்த பங்கு

மேசைமேல் கிடந்த ஹார்ட் டிஸ்க் மறுபடியும் காணாமல் போனது. டிஸ்க் என்னவோ அங்கேயேதான் இருந்தது. கணினிதான் அதை மறந்துவிட்டது. இணைப்பு அறுந்ததாக லினக்ஸ் திரையில் ஒரு வரி ஓடியது. சற்று நின்று, புதிதாக ஏதோ வந்து சேர்ந்திருப்பதாக இன்னொரு வரி, வேறொரு பெயரில். எபோ உச்சுக்கொட்டினான். டிஸ்க்கைக் கணினியோடு சேர்க்கிற மலிவு அடாப்டரின் சிப் இப்படித்தான், பாதி வேலையில் காலை வாரிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேப் கோஸ்ட் ஊரே தேவாலயத்தில் இருந்தது. தன் கணினி பழுதுபார்க்கும் கடையின் ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டிருந்தான். அதன் இடுக்கு வழியே பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றின் தூசியும், பின்தெருவில் மீனுக்குப் புகைபோடும் வாசமும், எங்கிருந்தோ மேளத்தோடு எழுந்த பாட்டும் உள்ளே கசிந்துகொண்டிருந்தன.

அந்த டிஸ்க்கில் இருந்தது ஒரே ஒரு வீடியோ. சாகக் கிடந்த பெரியவர் அமிசா தன் சொத்தைத் தன் வாயாலேயே பிரித்துக் கொடுத்தது. எங்கள் பக்கம் அது போதும். சாட்சிகள் முன்னால் சொன்ன சொல்லுக்கு மேல் காகிதம் எதற்கு? ஆனால் சாட்சிகளை எல்லாம் பெரியவரின் அக்காள் மகன் குவேகு வளைத்துப் போட்டுவிட்டான். வீடியோவும் போனால் வழக்கப்படி எல்லாம் அக்காள் மகனுக்கே போகும், பெரியவரின் விதவை அராபா நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். பாவம், அவள் நம்பிக்கையாகப் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எபோ அதை அழித்துக்கொண்டிருந்தான்.

கெட்டவனா என்றால் இல்லை. பயந்தாங்கொள்ளி, அது இன்னும் மோசம். கடை இருந்தது குவேகுவின் கட்டடத்தில். போன் அடித்தது, அவனேதான்.

“முடிஞ்சுதாடா?”

“அடாப்டர் சரியில்லண்ணே. அழிக்க ஆரம்பிச்சா நடுவுல நடுவுல விட்டுடுது.”

“சுத்தியல எடுத்து ஒரே போடு போடேன்!”

“தானா கெட்ட மாதிரி இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. ஜெபம் முடிஞ்சதும் அந்தப் பொம்பள வீடியோவக் காட்ட ஊர்ப் பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வருவா. அதுக்குள்ள முடிக்கல, நாளைக்கே கடையைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன்.”

எபோவுக்கு வைத்தியம் தெரியாமல் இல்லை. நீளக் கேபிளைக் கழற்றிக் குட்டையான ஒன்றைப் போட்டான். டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தான். இந்த சிப்புகள் வேகமான முறையில்தான் தடுமாறும் என்பதால் அதை அணைத்து, பழைய மெதுவான முறையிலேயே ஓடும்படி கட்டளை எழுதி, கணினியை நிறுத்தி மீண்டும் போட்டான். மறுபடி அழிக்கத் தொடங்கினான். இந்த முறை அடாப்டரின் நீல விளக்கு துடிக்கவே இல்லை, அழிப்பு கடைசிவரை ஓடி முடிந்தது. “அப்பாடா” என்றான்.

இணைப்பு அறுந்தது. மீண்டும் வந்தது.

வீடியோ அங்கேயே இருந்தது. முன்பைவிட நீளமாக.

இது நடக்கவே நடக்காது. வியர்த்த விரலால் திறந்தான். கொசுவலை, தலையணை, கழுத்தில் துண்டு சுற்றிய அமிசா. “வீடு அராபாவுக்கு. தென்னந்தோப்பு குவேகுவுக்கு.” இந்த இடத்தில் கிழவர் இருமுவார், அதோடு முடியும், எபோ முன்பே பார்த்திருந்தான். இப்போது அவர் இருமவில்லை. தலையணையிலிருந்து எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இரு, இன்னும் முடியல” என்றார். “எபோ கடையில இருக்கிற சாமானெல்லாம் அவன் தங்கச்சிக்கு.”

எபோ திரையை நோக்கிக் குனிந்தான். செத்தவன் சொத்தை அல்லவா இப்படிப் பிரிப்பார்கள்!

“அவன் செருப்பு, வாட்ச்சு, அதுங்கள எவனாவது எடுத்துக்கட்டும். திருட்டுக் கை ரெண்டும் எனக்கு.”

டிஸ்க்கைப் பிடுங்கினான். அடாப்டரிலிருந்து வெடுக்கென்று கழன்று வந்தது. சூடாக, கனமாக, அவன் கையில். அடாப்டரில் ஒன்றுமே இல்லை.

நீல விளக்கு எரிந்தது. இணைப்பு அறவில்லை.

கிழவர் பேசிக்கொண்டிருந்தார்.

கதவைப் பார்த்தான். ஓடு. கால் நகர்ந்தது. கை நகரவில்லை. விரல்கள் விரிந்தன, டிஸ்க் கீழே விழுந்தது. அவன் விரிக்கவில்லை. இரண்டு கைகளும் விசைப்பலகைக்குப் போய்ப் படிந்தன. தட்டத் தொடங்கின. பிரதி எடுக்கும் கட்டளை. ஒரு பிழையும் இல்லாமல்.

ஷட்டர் அதிர்ந்தது.

“தம்பி எபோ! நான்தான் அராபா. பெரியவங்களும் வந்திருக்காங்கப்பா, கதவத் திற!”

அக்கா, காப்பாத்துங்க. கத்த வாயைத் திறந்தான்.

இடது கை விசைப்பலகையை விட்டு எழுந்தது. அவசரமே படாமல் வந்து வாயை மூடியது. பிறகு மூக்கையும். விரல்களில் நோய்ப்படுக்கையின் தைல வாசம். வலது கை தட்டிக்கொண்டே இருந்தது.

திரையில் அமிசா சற்று முன்னால் குனிந்து அவனைப் பார்த்தார்.

“மூச்சு பாக்கி இருக்கு” என்றார். “அத யாருக்குக் குடுக்கலாம்?”

கிழவர் யோசித்தார். கை இறுகியது.