துண்டுக்குள் ஒரு விரல்

சாலோமியின் விலை ஒரு விரல். அந்த விலைக்குச் சம்மதித்து அழுத்தியவன் அவள் புருஷன் கிருபைராஜ். அழுத்திய நேரத்தில், சாலோமி அந்தக் கணக்கிலேயே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தான். இருபது வருஷம் கால்நடைத் தரகு பார்த்தவன் செய்கிற தப்பில்லை அது. ஆனால் செய்தான்.

சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. பிடித்ததை விடாமல் வைத்திருந்தால் பேரம் படிந்தது, விட்டுவிட்டால் படியவில்லை. ஒன்று என்பது ஒரு ரூபாயா பத்து ரூபாயா என்பதை மட்டும் முன்னாலேயே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் துண்டைத் தூக்கிப் பார்த்தவனை அப்புறம் ஒரு சந்தையிலும் சேர்க்கமாட்டார்கள்.

இஸ்ரவேல் அண்ணாச்சியின் கம்பெனி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருந்தது. பன்றி இறைச்சியைத் தூத்துக்குடி உப்பும் கருப்பட்டியும் போட்டு ஊறவைத்து, ஒரே ஒரு பீப்பாயோடு கப்பல்காரர்களிடம் போய் நின்ற மனுஷன். ஜெர்மன்காரனோடு சண்டை வந்ததும் மாசம் இருநூறு பீப்பாய் கேட்டு ஆர்டர் வந்தது. உப்பு கிடைத்தது, பீப்பாய் கிடைத்தது, பன்றிதான் கிடைக்கவில்லை. ராதாபுரம் பனங்காடு வரைக்கும் சலித்துவிட்டு, கம்பெனிக்குப் பன்றி வாங்கித் தருகிற கிருபைராஜ் வெறுங்கையோடு திரும்பிய ஒரு சனிக்கிழமை, உச்சிவெயிலில், முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்து கொட்டகையில் உட்கார்ந்தான்.

அவன் பின்னால் நாற்பது பன்றிகள் நின்றன. ஒன்றுகூட உறுமவில்லை. ராதாபுரத்திலிருந்து நடத்திக் கூட்டிவந்ததாகச் சொன்னான். ராதாபுரத்துச் செம்மண் ஒரு குளம்பிலும் இல்லை.

"துண்டைப் போடும்," என்றான்.

கொட்டகைக்குள் உருகுகிற கொழுப்பின் இனிப்பு நாற்றமும், உப்புத்தொட்டியின் கசப்பும், கருப்பட்டிப் பானையைச் சுற்றுகிற ஈக்களின் ஓயாத இரைச்சலும், அறுப்பு முடிந்த வயலிலிருந்து அலையலையாக ஏறிவந்த அனலும் சேர்ந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்த மாதிரி புழுங்கிக் கிடக்க, துண்டுக்குள் இருந்த அந்த ஆளின் கை மட்டும் குளிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தது. ரொம்ப நாள் உப்பில் கிடந்த தோல்போலச் சுருங்கியிருந்தது.

பக்கத்தில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்த சிலுவை சிரித்தான். கடற்கரைக்காரன். வலதுகை மோதிர விரலில் பாதியை வெட்டுக்கத்திக்குக் கொடுத்தவன். "விரல் போதலேன்னா நம்மகிட்ட கேளும், ஒன்பதரை இருக்கு!"

அந்தக் குளிர்ந்த கை கிருபைராஜின் ஒரு விரலைப் பிடித்தது. ஒன்று. பன்றிக்கு ஒரு ரூபாயா? ஐந்து ரூபாய்க்குக் குறைந்து பன்றி கிடைக்காத நேரம். கேட்டால் ஆள் விலையை ஏற்றிவிடுவானோ என்று பயந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல், தானும் அவன் விரலைப் பிடித்து அழுத்தினான்.

நாற்பது ரூபாயை எண்ணி நீட்டினபோது அந்த ஆள் தொடவில்லை. "இப்ப வேண்டாம். நானே எடுத்துக்கிடுதேன்."

திங்கட்கிழமை சிலுவை வேலைக்கு வரவில்லை. "கொழும்புக்குக் கப்பலேறியிருப்பான்," என்றான் கணக்குப்பிள்ளை பிச்சைக்கண்ணு, ஆள்பட்டியலில் பெயரை அடித்துவிட்டு. அந்தக் காலத்தில் காணாமல்போன எல்லோரும் கொழும்புக்குத்தான் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஆள் மறுபடி நாற்பது பன்றியோடு வந்தான். கிருபைராஜ் துண்டுக்குள் கையை விட்டான். அதே குளிர், அதே ஈரம். ஆனால் கை வேறு. சுண்டுவிரலைத் தாண்டித் தடவினால், அடுத்த விரல் பாதியில் நின்றது. மழுங்கிய முண்டு. தையல் தழும்பு.

அந்த ஆள் இடதுகையால் ஓலை விசிறியை வீசிக்கொண்டு, எதிரே இருந்து பார்த்தான்.

கிருபைராஜின் கை பயத்தில் இறுகியது. இறுகிய பிடிக்குள் ஒரு விரல் இருந்தது.

"படிஞ்சுது," என்றான் அந்த ஆள்.

கிருபைராஜ் அண்ணாச்சியிடம் ஓடினான். "அண்ணாச்சி, உள்ள இருந்தது சிலுவை கை."

"சிலுவை கொழும்புல இருக்கான்வே."

"பாதி விரலைத் தொட்டேன் அண்ணாச்சி."

"பாதி விரல்காரன் சீமையில அவன் ஒருத்தன்தானா?" அண்ணாச்சி வெற்றிலையை மடித்தார். "இங்கேரும். ஆளு போனா ஆளு வரும். பன்னி வராது. உமக்குப் பயமா இருந்தா சொல்லும், பிச்சைக்கண்ணு கையைப் போடட்டும். பன்னிக்கு நாலணா தரகு அவனுக்கும் கசக்காது."

நாலணா நாற்பது தடவை. கிருபைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கொழும்பு பெரிய ஊர் என்று சொல்லிக்கொண்டான்.

கம்பெனி வளர்ந்தது. ஒரு கொட்டகை மூன்றாயிற்று. வாசலில் பெயர்ப்பலகை ஏறியது. தூத்துக்குடிக்கு வண்டிகள் வரிசையாகப் போயின. கிருபைராஜ் வீட்டுக்கு ஓடு வேய்ந்தான். ஐந்து சனிக்கிழமை, ஐந்து கை. கொழுப்புக் காய்ச்சுகிற லூசியின் கையில் கண்ணாடி வளையல்கூடக் கிடந்தது, அழுத்தினபோது உடைந்தது. கொழும்புக்குப் போனவர்கள் எல்லோரும் ஆள்பட்டியலில் பெயர் இருந்தவர்கள் என்பதை மட்டும் அவன் கவனித்து வைத்திருந்தான். தரகன் பெயர் பட்டியலில் வராது. பெண்டாட்டி பெயரும் வராது. அந்த நினைப்பில்தான் ராத்திரி தூங்கினான், அதுவும் சாலோமியின் விரலைப் பிடித்துக்கொண்டு.

"இங்கேருங்க, விடிய விடிய எம் விரலைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கியளே," என்றாள் அவள். "என்ன விலை போகும்னு பாக்கியளோ?"

மிஷன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னப் படித்தவள். ஊசி குத்திக் குத்தி ஆள்காட்டி விரல் நுனி காய்த்து, சின்னப் பொத்தான் மாதிரி கெட்டியாக இருக்கும். அவளிடம் உண்மையைச் சொல்ல நினைத்தான். சொன்னால் ஓடு வேய்ந்த காசையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஆறாவது வாரம், வேறு பன்றி கிடைத்தால் அந்த ஆளே வேண்டாம் என்று எண்ணி, மறுபடி ராதாபுரம் போய் அலைந்தான். ஒரு குட்டிகூடக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தவனை அண்ணாச்சி அப்படியே பிடித்துத் துண்டின் முன்னால் உட்காரவைத்தார். கிருபைராஜ் ஒரு விரலைப் பிடித்தான். படிந்தது.

எழுந்து திரும்பினால், மூன்றாவது கொட்டகை வாசலில் சாலோமி. கொண்டையில் ஊசி, தோளில் வெள்ளைத்துணி.

"பன்னித்தொடைக்கு உறை தைக்க ஆள் கேட்டாங்க. நாளுக்கு ரெண்டணா." சிரித்தாள். "திங்கக்கிழமையே பேரு எழுதியாச்சு. இனி நானும் உங்க கம்பெனிதான்."

அவன் பிச்சைக்கண்ணுவின் மேஜைக்கு ஓடி, பட்டியலில் அவள் பெயரைத் தன் கையாலேயே அடித்தான். மை ஊறிக் கிழிகிற வரை அடித்தான். அந்த ஆள் விசிறியை வீசிக்கொண்டே பார்த்திருந்தான்.

திங்கட்கிழமை அவளை உள்ளே வைத்துப் பூட்டி, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"ஏங்க, பித்துப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?" உள்ளேயிருந்து சிரித்தாள். பிறகு நூல் சுற்றிய லேஸ் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம். கடக். கடக். வெயில் ஏறியது. தெருவில் நிழல்கள் காலடிக்குள் சுருங்கின. கடக். கடக். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் அவள் இருக்கிறாள். ஆற்றுப்பக்கமிருந்து காற்று வந்தது. உப்பு வாடை. கடக்.

கடக்.

அடுத்த சத்தம் வரவில்லை. கதவைத் திறந்தான். ஜன்னல் பூட்டியபடி. மடியில் வைத்துப் பின்னுகிற திண்டின் மேல் பாதி பின்னிய லேஸ். நூலில் தொங்கிய கட்டைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. தரை ஈரம். தொட்டு நாக்கில் வைத்தான்.

கரித்தது.

கம்பெனிக்கு ஓடினான். "கொழும்புக்கு..." என்று தொடங்கிய பிச்சைக்கண்ணு, அவன் முகத்தைப் பார்த்து ஆள்பட்டியலை மூடினான்.

அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமல் கிருபைராஜே போய் உட்கார்ந்தான். நாற்பது பன்றிகள் சத்தமில்லாமல் நின்றன.

"பன்னி வேண்டாம். எம் பொண்டாட்டியைத் திருப்பித் தாரும்."

"உள்ள பேசும்," என்றான் அந்த ஆள்.

கையை விட்டான். குளிர். ஈரம். சின்னக் கை. ஆள்காட்டி விரலைத் தேடினான். நுனியில் கெட்டியாக ஒரு பொத்தான்.

சாலோமி.

பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் இழுத்தான். அவன் மணிக்கட்டைச் சுற்றி வேறு விரல்கள் வந்து பற்றின. ஒன்று உடைந்த வளையலால் கீறியது. ஒன்று பாதி விரல். அவற்றின் நடுவே அவள் விரல் அவன் பிடிக்குள் திமிறியது. நெளிந்தது. நழுவப் பார்த்தது. அவள் தன்னை விடச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. விட்டால் படியாது. எழுந்து போய்விடலாம்.

விட்டால் அவள் இல்லை.

அவன் விடவில்லை.

"ஒண்ணு," என்றான் அந்த ஆள். "படிஞ்சுது."

"என்னவே, முடிஞ்சுதா?" உள்கொட்டகையிலிருந்து அண்ணாச்சியின் குரல். கிருபைராஜுக்கு முழங்கை வரைக்கும் குளிர் ஏறிவிட்டது. எதிர்மேஜையில் பிச்சைக்கண்ணு, தலை நிமிராமல், பேனாவை மையில் தோய்த்து எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து தலைகீழாகத்தான் தெரிந்தது. இருபது வருஷம் அடுத்தவன் கணக்கைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் அதையும் படித்தது.

வரவு, பன்றி நாற்பது. விலை, ஒன்று. கிருபைராஜ், தரகர், கொழும்பு. பாக்கி இல்லை.