மெய்விளக்கு சிவந்த வீடு

தெரேஸ்புரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு மெய்விளக்கு இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை பார்க்கும் வேலைக்கு அழைப்பு வந்தால் அது பேசுகிறவர் குரலின் நடுக்கத்தை அளக்கும். பொய் சொல்கிற தொண்டை லேசாக நடுங்குமாம். நடுங்கினால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. பச்சை எரிந்தால் பெண்கள் பெட்டி கட்டிவிடுவார்கள். யோசிக்கிற வேலையைச் சுவரில் மாட்டியாயிற்று, பிறகு மண்டை எதற்கு?

சகாயமேரி பச்சையை நம்பி ஒருமுறை போனவள். வேலை விசா என்றார்கள், சுற்றுலா விசாவில் ஏற்றினார்கள். இறங்கியதும் கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வீட்டில் பூட்டினார்கள். அங்கே பிள்ளையே கிடையாது. தப்பி வந்த பிறகுதான் தெரிந்தது, அவளோடு பேசியது மனிதரே இல்லை, பேசும் பொறி. பொறிக்குத் தொண்டை ஏது, நடுங்குவதற்கு?

அவளுடைய நாத்தனார் பிலோமினாவுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. முதலில் வந்தது பச்சை. சம்பளம், தனி அறை, ஓய்வு நேரம் எல்லாவற்றையும் அளந்து சொன்னது. பிள்ளை கடிக்குமா என்று பிலோமினா கேட்டாள். குழந்தையின் விவரம் பிறகு தரப்படும், முதலில் கடவுச்சீட்டை அனுப்புங்கள் என்றது. அடுத்தது குவைத்திலிருந்து நஸ்ரீன் என்கிற காயல்பட்டினத்துப் பெண்.

"அக்கா, எம் புள்ள தங்கம். ஒரு தொந்தரவும் பண்ண மாட்டான்."

விளக்கு சிவந்தது. நஸ்ரீனின் முதுகுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. நஸ்ரீன் திரும்பி அதட்டினாள். பிள்ளை வீறிட்டது.

சகாயம் சிரித்துவிட்டாள். "இவதான் பெத்தவ மைனி. பெத்தவ எவளா இருந்தாலும் இந்தப் பொய்யச் சொல்லுவா. நீ இங்கயே போ."

பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு போய்விடவில்லை. வேலை விசா உண்மைதானா என்று அரசு அலுவலகத்தில் விசாரித்தாள். கடவுச்சீட்டு என் கையில்தான் இருக்கும் என்று கறாராகச் சொன்னாள். நஸ்ரீன் சரி என்றாள். போய்ச் சேர்ந்த பிலோமினா, பையன் கடிக்கிறான் என்று செய்தி அனுப்பினாள்.

சகாயம் இதைக் குழாயடியில் சொல்லப்போக, தெரு முழுக்கப் பரவியது. பிலோமினா விசாரித்ததையெல்லாம் யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளையைப் பற்றிப் பொய், அதற்குச் சிவப்பு, அப்படியென்றால் நல்ல இடம். இதுமட்டும்தான் நின்றது. வீட்டில் பேசுவதையெல்லாம் மெய்விளக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டது எங்கெங்கே போகிறதென்று ஒருவரும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது சகாயத்தின் மகள் ஜெனோவாவுக்கு அழைப்பு வந்தது. குரல் நடுங்கியது. எம் புள்ள தங்கம், தொந்தரவே பண்ணாது என்றது. விளக்கு சிவந்தது. பின்னால் பாத்திரம் விழுந்து, மூன்று முறை துள்ளி, உருண்டு நின்றது. பிலோமினா விசாரித்ததுபோல் சகாயம் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. தான் கண்டுபிடித்த அடையாளமாயிற்றே.

"பெத்தவதாண்டி. கடவுச்சீட்ட அனுப்பு," என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறொரு ஊரிலிருந்து அழைப்பு. சகாயம் துணி காயப்போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் வேறு, ஊர் வேறு. அந்தப் பிள்ளையும் தங்கம்தான். பாத்திரம் விழுந்தது. மூன்று முறை துள்ளி, உருண்டு நின்றது.

யாரும் அதட்டவில்லை. எந்தப் பிள்ளையும் அழவில்லை.