முந்தி வந்த காலடி

படத்தில் பாதம் தரையைத் தொடுமுன்பே சத்தம் கேட்டது. ஒரு இமைப்பொழுதுதான் முந்தியது. சத்தக்காரி படத்தை நிறுத்தினாள்.

"அக்கா, உங்க சத்தத்துக்கு என்ன அப்படி அவசரம்? என் பாப்பா இன்னும் காலையே தூக்கல!" என்று சிரித்தான் பொம்மைக்காரன். கம்ப்யூட்டரில் அந்த அனிமேஷன் சிறுமியை ஓடவைத்தவன் அவன். அவள் ஓட்டத்துக்குச் சத்தம் சேர்ப்பது இவள் வேலை. அதனால்தான் சத்தக்காரி என்ற பெயர். வாய் திறந்து பேசுவதென்னவோ அபூர்வம்.

"சரி பண்றேன்டா. நீ போய் டீ குடிச்சிட்டு வா."

அவன் போனதும் கனத்த கதவு காற்றை உறிஞ்சிக்கொண்டு மூடியது. வெளியே நடுப்பகல்; உள்ளே சுவரெங்கும் பஞ்சுப் பலகை, சூடேறிய ஒயரின் வாடை, தன் ரத்தமே காதுக்குள் ஓடும் ஓசை. பிள்ளைநடைக்குப் பெரியவர்கள் நடந்தால் கனம் காட்டிக்கொடுத்துவிடும், பாருங்கள். அதனால் சின்ன ஷூக்களைக் கையில் மாட்டிக்கொண்டு, மண்டியிட்டு, மைக்கின் முன்னால் கல்பலகையில் தட்டவேண்டும். இன்று அவள் கொண்டுவந்தது தன் மகளின் பள்ளி ஷூக்கள்.

படத்துச் சிறுமி சாலையைக் கடந்து ஓடி அம்மாவின் கையைப் பிடித்துவிடுவாள். இவள் மகளின் கை அப்படி வந்து சேரவில்லை. அன்று சாலையின் எதிர்ப்புறம் நின்று கூப்பிட்டது இவள்தான். நடுவில் லாரி வந்துவிட்டது. இந்தக் காலடியாவது போய்ச் சேரட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சத்தத்தைப் பின்னுக்கு நகர்த்தினாள். மறுபடி முந்தியது. மொத்தத்தையும் அழித்தாள். புதிதாகத் தட்ட ஷூக்களை மாட்டிக் கை ஓங்கினாள்.

தட்டுமுன்பே கேட்டது.

டக். டக்.

திரையில் சிறுமி அசையவில்லை. காலடி மட்டும் எங்கோ தூரத்தில் நடந்து, சாலையோரம் வந்ததுபோல் நின்றது. காத்திருந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூப்பிடக் கூடாது. இந்த முறை கூப்பிடவே கூடாது.

ஸ்பீக்கரில் அவள் குரலே கூப்பிட்டது.

"ஓடி வாடி தங்கம், ஒண்ணும் வரல!"

"வராதே! அங்கேயே நில்லுடி!" என்று இவள் கத்தினாள்.

ஓட்டம். வேகமாக. நெருங்கி. அதன் பின்னால், தரை அதிர, வேறொன்று.

பிரேக்கின் அலறல்.

அமைதி.

கைகளை இழுத்தாள். வரவில்லை. ஷூக்களுக்குள், அவள் விரல்நுனிகளின் அடியில், சின்னஞ்சிறு கால்விரல்கள். ஈரமாக. சில்லென்று. ஒவ்வொன்றாக மடங்கி, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டன.