அலமாரிக்குப் பின்னால் இருந்த கடிகாரம்

குழந்தைகள் காப்பகம் நடத்தும் அம்மாள் துப்பறிவாளரின் வீட்டுக்கு வந்தபோது, ஒரு சுவர்க் கடிகாரத்தை இரு கைகளிலும் ஏந்தியிருந்தார். கண்ணாடிக்குள் காய்ந்த சேறு. முட்கள் ஐந்து இருபதில் நின்றிருந்தன.

"எலி செத்த நாத்தம்னு பின்னறை அலமாரியை இன்னிக்குத்தான் நகர்த்தினோம். பின்னால சுவத்துல இது. நாங்க போன வருஷம் வாடகைக்கு வர்றதுக்கு முன்னாடி அறை முழுக்க வெள்ளையடிச்சவங்க, அலமாரிக்குப் பின்னாடி மட்டும் அடிக்கல." கடிகாரத்தை மேசையில் வைத்தார். "இதை எடுக்க நான் நாற்காலி போட்டு ஏறினேன், சார்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் துப்பறிவாளர் நிமிர்ந்தார்.

காப்பகம் ஓடைக்கரையில், பாலத்தை ஒட்டி இருந்தது. இருபத்தேழு குழந்தைகள். பெற்றோர் ஆலை விட்டு வர ஆறு மணியாகும். இப்போது இரண்டரை. மலையுச்சியில் காலையிலிருந்தே மேகம் கரியாக அப்பிக் கிடந்தது. மேட்டில் இருந்த ஒரே பெரிய கூடம் வெள்ள மதிப்பீட்டு அலுவலகத்துடையது. அதைத் திறந்துவிடச் சொல்லி அம்மாள் கேட்டதற்குத் தலைமைப் பொறியாளர், "காப்பகத்துக்குள் வெள்ளம் வராது என்று அறிக்கை இருக்கிறது, பீதியைக் கிளப்பாதீர்கள்" என்றாராம்.

"மாப்பிள்ளை, இது சதி!" என்று குடையைத் துப்பாக்கிபோல் நீட்டினார் துப்பறிவாளரின் மனைவிக்கு அண்ணன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு கொலையாவது நடக்காதா என்று ஏங்குகிறவர்.

"மச்சான், பாலத்துத் தூண்ல தண்ணி உயரம் பாக்க ஒரு அளவுப் பலகை இருக்கும். அதுல கடைசி எண் என்னன்னு பாத்துட்டு நேரா அலுவலகத்துக்கு வந்துடுங்க. தண்ணியில மட்டும் இறங்கிடாதீங்க."

அலுவலகத்தில் அம்மாளுக்கும் துப்பறிவாளருக்கும் நீட்டப்பட்ட அறிக்கைக்குத் தோல் அட்டை, தங்க எழுத்து. முதல் பக்கத்தில் தலைமைப் பொறியாளரின் படம். ஓடையின் படம் பதினான்காம் பக்கத்தில், சிறியதாக.

"அதிகபட்ச வெள்ளம் மூன்றரை மீட்டர்," என்று பொறியாளர் மேடையில் நிற்பதுபோல் முழங்கினார். "காப்பகத்தின் தரை மூன்று எண்பது. முப்பது சென்டிமீட்டர் பாதுகாப்பு. இது கணினி சொன்னது."

"கணினிக்கு யார் சொன்னது?"

பாலத்துப் பலகையைப் பார்த்து அளவு குறிப்பவரைப் பதிவேட்டோடு வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர். இரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தைப் படித்தார். "ரெண்டு மணி, ரெண்டு மீட்டர் பத்து. மூணு மணி, ரெண்டு எண்பது. நாலு மணி, மூணரை. அஞ்சு, ஆறு, ஏழு மணிக்கும் மூணரை. எட்டு மணி, மூணு இருபது."

"பார்த்தீர்களா! மூன்றரையில் ஓடை நிலைபெற்றுவிட்டது."

"மூணு மணி நேரம் விரல்கடை கூட அசையாம?" என்றார் துப்பறிவாளர்.

கதவு திறந்தது. செருப்பெல்லாம் சேறாக மைத்துனர் மூச்சிரைத்தார். "கடைசி எண் மூணரை, மாப்பிள்ளை! அதுக்கு மேல பலகையே இல்ல. இங்க ஒரு சொட்டு மழை இல்ல, ஆனா தண்ணி செம்மண் கலர்ல ரெண்டு மீட்டரைத் தாண்டிடுச்சு!"



"ஓடை நிலைபெறல, சார்," என்றார் துப்பறிவாளர் மெதுவாக. "உங்க பலகை முழுகிடுச்சு. காப்பகக் கட்டடத்துக்கு வயசு மூணு. அதுக்குள்ள வந்தது அந்த ஒரே வெள்ளம். அஞ்சு இருபதுக்கு உங்க கணக்குப்படி தண்ணி தரைக்குக் கீழே. இந்தக் கடிகாரத்தோட கணக்குப்படி, அம்மாவோட தலைக்கு மேலே."



"கட்டத்தைக் காலியா விடக்கூடாதுன்னு உத்தரவு, சார்," என்றார் அளவு குறிப்பவர். "கண்ணுக்குக் கடைசியாத் தெரிஞ்ச எண்ணைப் போட்டேன். ஆனா பக்கத்துக் கட்டத்துல 'பலகை முழுகிவிட்டது'ன்னு எழுதியிருக்கேன்." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு மணிக்கு நேரே இருந்தது.

துப்பறிவாளர் அறிக்கையைப் புரட்டினார். அதில் அந்தக் கட்டமே இல்லை.

"அதுல நம்பர் இல்ல... அட்டவணையில உக்காரல... எடுத்துட்டோம்," என்றார் பொறியாளர். மேடைத் தமிழ் அவரைக் கைவிட்டிருந்தது.

"கூடத்துச் சாவி?" என்றார் அம்மாள்.

அலுவலக வேன் மூன்று நடை போனது. கடைசி நடையில் மைத்துனர் காப்பக வாசலில் ஒரு கைக்குழந்தையோடு ஏறினார்; அப்போது சக்கரத்தின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. குடை போன இடம் தெரியவில்லை.

நாலே முக்காலுக்குத் தொலைபேசி ஒலித்தது. பாலத்திலிருந்து அளவு குறிப்பவர். பின்னால் இரைச்சல். "ஐயா, பலகை மறைஞ்சிடுச்சு. கட்டத்துல என்ன எழுதட்டும்?"

தலைமைப் பொறியாளர் கூடத்தைப் பார்த்தார். தலைகளை மூன்றாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தார் அம்மாள். இருபத்தேழு.

"ஒண்ணும் எழுதாதய்யா," என்றார் பொறியாளர். "காலியா விட்டுட்டு மேல ஓடி வா."